சாலைக்கு அடியில் அடைத்த குழாய்

தையல்காரி கட்டிலை நெம்பி நெம்பி அதன் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். முறிந்த காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த கணவன், "இன்னும் ரெண்டு கல்லு வச்சா கூரைய தொட்டுருவேன்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மழையில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறி அவன் மெத்தையைத் தொட்டபோது அவள் கடையில் இருந்தாள். இறங்க முடியாமல் அவன் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. இன்றும் வானம் கறுத்துக் கிடந்தது.

தெருச் சாக்கடை நகராட்சியுடையது. அது கடக்கிற பெரிய சாலையும் மறுபுறத்து வடிகாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. சாலைக்கு அடியில் ஓடும் குழாய்தான் அடைத்திருந்தது. அதற்கு மட்டும் அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை.

இரண்டு துறைக்கும் அலுவலகம் ஒரே கட்டிடத்தில்தான். அவள் அங்கே போனபோது கீழ்மாடியில் நகராட்சிப் பொறியாளர், "நம்ம எல்லை ரோட்டோரம் வரைக்கும்தாம்மா. மேல போய்க் கேளுங்க" என்றார். மேல்மாடியில் நெடுஞ்சாலைப் பொறியாளர், "ரோடு எங்களோடது. சாக்கடை கீழ இருக்கறவரோடது" என்றார். இருவரும் கெட்டவர்கள் இல்லை, பாவம். அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைக்காமலே பழகியவர்கள்.

ஏறி இறங்கிக் கால் ஓய்ந்தவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு பேரும் ஒரே வாசல்லதானே சார் வண்டிய நிறுத்தறீங்க? ஒரு வார்த்தை பேசிக்கக் கூடாதா? தண்ணி வந்தா என் வீட்டுக்காரரால எழுந்து ஓட முடியாது சார்" என்றாள்.

மேல்மாடிக்காரர் எழுந்தார். "வாங்கம்மா" என்று அவரே படியிறங்கிப் போய்க் கீழ்மாடிக்காரரையும் கூட்டிக்கொண்டு அவள் தெருவுக்கு வந்தார்.

தெருவில் நகராட்சி மேஸ்திரி நீளக் கம்பியோடு நின்றார். "நம்ம பக்கம் சேறெல்லாம் சுத்தமா தள்ளியாச்சு சார்."

"எங்க தள்ளினீங்க?" என்று கேட்டார் மேல்மாடிக்காரர்.

"குழாய்க்குள்ளதான் சார். அது நம்ம எல்லை இல்லையே."

சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற நெடுஞ்சாலை ஆள் சும்மா இருப்பாரா? "நாங்களும் அதுக்குள்ளதான் சார் தள்ளுவோம்" என்று பெருமையாகச் சொன்னார்.

பொறியாளர்கள் இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. வருடக்கணக்காக இரண்டு அலுவலகமும் ஒழுங்காக வேலை செய்தே அந்தக் குழாயை அடைத்திருந்தன. தையல்காரி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"நான் ரோட்டுல வண்டிகள நிறுத்தி குழாயோட மேல் மூடிய தொறக்கச் சொல்றேன். சேறு உறிஞ்சற வண்டி உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார் மேல்மாடிக்காரர்.

"இப்பவே வரச் சொல்றேன்."

இரண்டு துறை ஆட்களும் ஒன்றாக வேலையில் இறங்கினார்கள். கடைசிச் சேறு வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தெருத் தண்ணீர் அவள் வாசலைத் திரும்பிப் பாராமல் குழாய்க்குள் ஓடியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேஸ்திரி நனைந்தபடி தலையைச் சொறிந்தார். "சார், இத எந்த ஆபீஸ் வேலைன்னு சொல்றது?"

நகராட்சிப் பொறியாளர் மற்றவரைப் பார்த்தார். பிறகு குற்ற உணர்வோடு சொன்னார்:

"ரெண்டு ஆபீஸ் வேலைன்னே சொல்லுங்க. பொது வேலைன்னா ரெண்டு பேரும் சேர்ந்து செய்யணும்னு அர்த்தம். யாரும் செய்ய வேணாம்னு நாமளா அர்த்தம் பண்ணிக்கிட்டோம். அதுக்கு இவங்க வீடு முழுகுச்சு."