ஜட்ஜ் கிராண்டலின் இரண்டு மணி நேரத் தாடி

ஜாபெஸ் கிராண்டல் வெர்மான்ட் மாநிலச் சட்டசபைக்குப் போனதற்கு ஒரே காரணம், பெல்டன் ஊரில் அவரோடு யாருக்கும் சண்டை இல்லை என்பதுதான். தேர்தலில் நின்ற இரண்டு பெரிய மனிதர்களும் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருக்க, அலுத்துப்போன ஊர்க்காரர்கள், "மில்லுக்காரர் பேர எழுதுங்கப்பா, அந்த மனுஷன் வாயே திறக்க மாட்டார்" என்று முடித்துவிட்டார்கள். மாவு அரைத்துக்கொண்டிருந்த ஜாபெஸுக்கு விஷயம் சாயங்காலம்தான் தெரிந்தது.

சபையில் மூன்று வருடம் இருந்தார். அந்த மூன்று வருடத்தில் அவர் பேசியது ஒரே ஒரு பேச்சு: "அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்க, குளிருது." அரைத்தூக்கத்திலிருந்த எழுத்தர் திடுக்கிட்டு விழித்து அதைத் தீர்மானம் என்று குறித்துவிட்டார். குறித்தபிறகு வாக்கெடுப்பு நடத்தாமல் இருக்க முடியுமா? தொண்ணூறு பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு. எதிர்த்த நால்வரும் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.

பிறகு, சபையே ஓட்டுப் போட்டு ஆள் நியமிக்கும் மாவட்ட நீதிபதி பதவி காலியானது. இரண்டு வக்கீல்கள் அதற்கு முட்டிமோத, சபையின் ஓட்டு சரிபாதியாகப் பிளந்து ஒன்பது சுற்று இழுத்தது. சாப்பாட்டு நேரமும் தாண்டியதும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "நம்ம கதவு கிராண்டலப் போட்டா என்ன?" என்றார். போட்டுவிட்டார்கள்.

ஜாபெஸ் வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றார். "கெசியா, என்னை ஜட்ஜாக்கிட்டாங்க."

"யார் மேல உள்ள கோவத்துல?" என்றாள் மனைவி கெசியா.

அதுதான் அவர் மனதிலும் உறுத்திக்கொண்டிருந்தது. இதுவரை கிடைத்த நாற்காலிகள் எல்லாமே வேறு இரண்டு பேரைப் பிடிக்காததால் கிடைத்தவை. "எனக்குச் சட்டம் ஒரு வரி தெரியாதேடி."

"வாயத் திறந்தாத்தானே அது வெளிய தெரியும்? தலைய மட்டும் ஆட்டுங்க. காரணம் கீரணம் சொல்லி மாட்டிக்காதீங்க."

ஜூன் மாதம் முதல் வழக்கு வந்தது. பீலெக் ஸ்டோடார்டின் தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பி, வேலி தாண்டி, ரூஃபஸ் வீலாக்கின் காலிப் பீப்பாய்க்குள் குடியேறிவிட்டன. 'என் தேனீ' என்றார் பீலெக். 'என் பீப்பாய்' என்றார் ரூஃபஸ். நீதிமன்றக் கட்டடம் இன்னும் கட்டி முடியாததால் விசாரணை விடுதியின் மாடியில் நடந்தது. சாட்சியமாகப் பீப்பாயையே கொண்டுவந்து, மேலே துணி கட்டி, ஜட்ஜின் மேஜைமேல் வைத்திருந்தார்கள்.

"உள்ள இருக்கறது தேனீதான்னு நிரூபிக்கணும்" என்றார் ரூஃபஸின் வக்கீல்.

நிரூபிக்க ஷெரீஃப் துணியை அவிழ்த்தார்.

அடுத்த நொடி மாடியே காலி. ஜூரிகள் படிக்கட்டில் உருண்டார்கள். ஷெரீஃப் மேஜைத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு சுவரில் முட்டினார். இரண்டு வக்கீல்களும் ஜன்னல் வழியே சமையலறைக் கூரைக்குத் தாவி, அங்கிருந்தபடியே வாதத்தைத் தொடர்ந்தார்கள். ராணித் தேனீ மட்டும் நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி, ஜாபெஸின் மோவாயில் போய் உட்கார்ந்தது. மற்றவை பின்தொடர்ந்தன. தினம் தவறாமல் சவரம் செய்துகொள்ளும் ஜட்ஜுக்குக் கால் மணி நேரத்தில் மார்புவரை தாடி முளைத்துவிட்டது.

ஜாபெஸ் அசையவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மூக்கு அரித்தது, விட்டுவிட்டார்.

"என்னா கம்பீரம் பாரு!" என்று கதவிடுக்கில் யாரோ கிசுகிசுத்தார்கள். "வழக்க அலசறாரு."

ஷெரீஃப் துணிக்குள்ளிருந்து கத்தினார். "யோவ் பீலெக், உன் தேனீய வந்து பிடிய்யா!"

"என் தேனீ இவ்வளவு கறுப்பா இருக்காதுங்களே" என்றார் பீலெக், படிக்கட்டில் நின்றபடி. "ரூஃபஸோடதுதான். ஒத்துக்கறேன்."

"ஐயையோ, அநியாயமா பேசாத பீலெக்! குழந்த மாதிரி வளர்த்தது நீ. நான் அடுத்தவன் பொருளுக்கு ஆசப்படற ஆளா?"

கூரைமேலிருந்த வக்கீல்கள் இருவரும் திகைத்து, பிறகு சுதாரித்து, ஆளுக்கு ஆள் கட்சி மாறி வாதாடத் தொடங்கினார்கள்.

இப்படியே இரண்டு மணி நேரம் போனது. கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த கெசியா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவரையும் அவர் தாடியையும் ஒருமுறை அளந்தாள். கீழே போய் விடுதிக்காரியிடம் வைக்கோலில் பின்னிய, தேனீ வளர்க்கும் கூடை ஒன்றும் வாத்து இறகு ஒன்றும் வாங்கிவந்தாள். கூடையை அவர் மோவாய்க்குக் கீழே பிடித்து, இறகால் மெல்லத் தள்ளினாள். தாடி பொத்தென்று கூடைக்குள் விழுந்தது.

"இது யாரோடது?" என்றாள் படிக்கட்டைப் பார்த்து.

"அவனோடது!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அப்ப ரெண்டு பேருக்கும் வேண்டாம். நான் கொண்டுபோறேன். ஜட்ஜ் ஐயா, சரிதானே?"

ஜாபெஸ் தலையை ஆட்டினார். தீர்ப்பு எழுதப்பட்டது.

அன்று ராத்திரி சாப்பாட்டில் ஜாபெஸ் தட்டைத் தொடவில்லை. "அலசவுமில்ல, ஒரு மண்ணுமில்ல கெசியா. பயத்துல உறைஞ்சு போயிட்டேன்."

"தெரியும். மேஜைக்கடியில உங்க முழங்கால் ரெண்டும் தந்தி அடிச்சத நான் பார்த்தேனே. சாப்பிடுங்க."

பத்திரிகையோ 'தேனீக் கொடுக்குக்கும் அஞ்சாத நீதி' என்று ஒரு பத்தி முழுக்க எழுதியது. அக்டோபரில் சபையிலிருந்து மூன்று பேர் குதிரையேறி வந்தார்கள். மாநில உச்சநீதிமன்றத்துக்கு ஓர் ஆள் வேண்டுமாம்.

"யாரோட யாரு சண்ட?" என்று கேட்டார் ஜாபெஸ்.

"சண்டையே இல்லீங்க. முதல் சுற்றிலேயே எல்லாரும் உங்க பேரத்தான் எழுதினாங்க."

ஜாபெஸுக்கு அதைப் பொய்யாக வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. "ஐயா, நான் அன்னிக்குப் பயந்துதான் அசையாம இருந்தேன்" என்று சொல்லிவிட்டார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பார்த்தீங்களா, என்ன ஒரு அடக்கம்!" என்றார் மூத்தவர், கண்ணைத் துடைத்தபடி.

ஜாபெஸ் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே அவருடைய கம்பளிக் காலுறைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

உச்சநீதிமன்றத்தில் அவர் பதினோரு வருடம் இருந்தார். அவருடைய தீர்ப்புகள் ஒன்றுகூட இரண்டு வரியைத் தாண்டியதில்லை. அவர் பெஞ்சில் இருக்கும் நாளில் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்பதால், தோற்ற வக்கீல்கள்கூட அவரை வாயாரப் புகழ்ந்தார்கள்.