வாய் மூடாத ரேடியோ

கோபுரத்தில் ஏறுபவன் ஒலிபரப்புக் கருவியின் சாவியைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வானொலி நிலையத்தில் அதுதான் சட்டம். சாவி இல்லாமல் கருவி ஓடாது; அது மேலே இருக்கும்வரை, கீழே இருப்பவர்கள் எவ்வளவு பெரிய மடையர்களாக இருந்தாலும் ஏறியவனுக்கு ஆபத்தில்லை என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்து வைத்தது.

கருவிகளை இயக்குவது அக்காவின் வேலை. கோபுரத்தில் ஏறிப் பழுது பார்ப்பது தம்பியின் வேலை. அன்றும் அவன் சாவியை உருவி, அவள் மூக்குக்கு நேரே ஆட்டினான்.

"இப்ப உன் குடுமி என் கையில."

"போடா குரங்கே! மொதல்ல பெல்ட்ட ஒழுங்கா மாட்டு."

அவன் ஏறிப்போய் வெகுநேரம் கழித்து, மேசைமேல் தங்கள் நிலையத்துக்கே திருப்பி வைத்து, வெறுமனே இரைந்துகொண்டிருந்த சின்ன ரேடியோ திடீரென்று பாட ஆரம்பித்தது.

நல்ல பாட்டுதான். அவளும் ஒரு கணம் தலையாட்டினாள். அடுத்த கணம் தலை பாதி ஆட்டத்தில் நின்றது. ரேடியோ பாடுகிறது என்றால் அலை வருகிறது. அலை வருகிறது என்றால் மேலே ஆன்டெனா வேலை செய்கிறது. அதை ஒட்டித்தான் தம்பி இருக்கிறான்.

மாற்றுக் கருவி! முதல் கருவி வாயை மூடினால் தானாகவே எழுந்து வேலை பார்க்கிற பழைய பூதம் ஒன்று பின்னறையில் இருக்கிறது. அதற்குச் சாவி கிடையாது. சூடேற நேரம் பிடிக்கும், ஆனால் எழாமல் இராது. யாராவது ஏறுவதற்கு முன் அதை அணைத்து வைப்பது அவள் பொறுப்பு. சாவிதான் பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியத்தில், சிரித்த சிரிப்பில், மறந்து தொலைத்திருந்தாள்.

ரேடியோ அலையும் வெளிச்சமும் ஒரே வம்சம்தான். வெளிச்சமாவது கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது, மணக்காது, சத்தமும் போடாது. ஊர்க்கோடி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது வெறும் பூனைக்குட்டி. புறப்படுகிற இடத்திலோ மனிதனை உள்ளுக்குள்ளேயே வேகவைத்துவிடும்.

வாக்கிடாக்கியை அமுக்கினாள். "டேய், எறங்கு! எறங்குடா!"

பதிலுக்கு ஒரே இரைச்சல். அதே அலைதான் அதையும் அடைத்துக்கொண்டிருந்தது.

பின்னறைக்கு ஓடினாள். மின்சாரத்தைத் துண்டிக்கும் கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி இழுத்தாள். விளக்குகள் அணைந்தன. முன்னறையில் பாட்டு பாதியில் நின்றது.

"தம்பி... பேசுடா. ஏதாவது பேசு."

இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டவளே அவள்தான். வேண்டாம் வேண்டாம் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்ட அம்மாவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? திரும்பத் திரும்ப அவனைக் கூப்பிட்டாள்.

"என்னக்கா, ஏன் இந்தக் கத்து கத்துற?" சாவகாசமாக வந்தது குரல். "இது ஒரே இரைச்சலா இருந்துச்சு, அணைச்சு வெச்சிருந்தேன். இப்பதான் போட்டேன்."

போன உயிர் திரும்பியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆன்டெனாகிட்ட போயிட்டியாடா?"

"போயி ரொம்ப நேரமாச்சு. மேல என்னா குளிரு தெரியுமா, வெரலெல்லாம் வெறச்சுப்போச்சு. ஆனா ஆன்டெனா பக்கத்துல மட்டும் எப்படியோ கதகதன்னு இருந்துச்சுக்கா." அவன் சிரித்தான். "அதான் வேலை முடிஞ்சும் அத ஒட்டியே உக்காந்துட்டேன்."