மூடி இல்லாத இறக்கை

என் சகலையை எங்கள் அணியில் ‘கதவு’ என்றுதான் கூப்பிடுவோம். ராணுவப் பாராசூட் பள்ளியில் நானும் அவனும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். அப்போது சகலை கிடையாது, பக்கத்துக் கட்டில்காரன். ஒருநாள் குதிக்க வேண்டிய நேரத்தில் விமானத்தின் கதவு வரை வந்தவன் கீழே எட்டிப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்து இருக்கையின் காலைக் கட்டிக்கொண்டான். பயிற்சி கொடுத்த மாஸ்டர் கத்தினார், உதைத்தார், பிடி விடவில்லை. பின்னால் நின்ற நான் அவன் தோளைத் தாண்டிக் குதித்தேன். அந்தக் காலத்து விதி சின்னது. கதவில் ஒருமுறை மறுத்தவனுக்கு அன்றோடு சீட்டுக் கிழிந்தது. சாயங்காலம் வந்து பார்த்தால் அவன் கட்டில் காலி. பாராசூட் மடிக்கும் கொட்டகைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

அதோடு தொலைந்திருந்தால் எனக்கும் அவனுக்கும் என்ன வழக்கு? எனக்குக் கல்யாணமான பிறகு என் மனைவியின் தங்கையைப் பெண் கேட்டு வந்து நின்றான். நான் மாமனாரைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இவன் கதவில் உட்கார்ந்தவன், யோசித்துக் கொடுங்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப இவர் உசுரோட வீட்டுக்குத் திரும்பி வர்ற ஆளுன்னு சொல்றீங்க?”

கல்யாணம் நடந்தது. மாமனார் கண்ணை மூடும்வரை சின்ன மாப்பிள்ளை வந்தால்தான் மின்விசிறிக்கு நேரே நாற்காலி போடுவார். நான் எங்கே உட்கார்ந்தாலும் சரி.

நான் பயிற்சி முடித்தவர்களுக்குத் தரும் இறக்கை பேட்ஜ் வாங்கியவன். அதை எப்படி வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மாஸ்டர் ஒரு பிடி மண்ணை அள்ளி மேலே விடுவார். மண் எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் காற்று. எவ்வளவு காற்று என்று யாரும் கேட்டதில்லை. கடைசிக் குதிப்பன்று மண் அவர் முகத்திலேயே வந்து அடித்தது. துடைத்துக்கொண்டு ஏறுங்கடா என்றார். ஏறினோம். நான் இறங்கியதும் என் பாராசூட் குடை காற்றை வாங்கிக்கொண்டு கல் மேட்டில் என்னைத் தரதரவென்று இழுத்துப் போனது. அதைச் சட்டென்று கழற்றிவிட அன்றைக்கு வழி இல்லை. வேலி வந்துதான் நிறுத்தியது. வலது முழங்கால் அன்று போனது போனதுதான்.

அந்தக் காலோடுதான் வரிசையில் நின்றேன். எங்கள் பேட்ஜின் பின்னால் இரண்டு ஊசி இருக்கும். ஊசி முனையில் இரண்டு சின்ன மூடி, கம்மலுக்குப் பின்னால் போடுவார்களே அந்த மாதிரி. மாஸ்டர் மூடிகளைக் கழற்றிவிட்டு, வெறும் ஊசியைச் சட்டையில் வைத்து முஷ்டியால் ஒரு குத்து விடுவார். ஊசி சதைக்குள் போகும். யாரும் முனகக் கூடாது. காறை எலும்புக்குக் கீழே அந்த இரண்டு தழும்பும் எனக்கு இன்னும் இருக்கின்றன. மகள் சின்னவளாக இருந்தபோது மடியில் உட்கார்ந்து அவற்றைத் தொட்டுப் பார்ப்பாள். கதை சொல்லச் சொல்வாள்.

கால் போனவனைப் பள்ளியில் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்? கொஞ்ச காலத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு கிடங்கின் வாசலில் காவல்காரனாக என் காலம் போயிற்று. கொட்டகைக்குத் தள்ளப்பட்ட கதவு அங்கேயே வேர்விட்டான். முதலில் குடை மடித்தான், பிறகு மடித்ததைச் சோதித்தான், பிறகு எதைச் சோதிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தான். பள்ளியில் புது விதி வந்தால் அதில் அவன் கை இருக்கும். காற்றை அளக்க மீட்டர் வந்தது. கணுக்காலுக்குப் பட்டை வந்தது. குடையைத் தோளிலிருந்தே கழற்றிவிடும் கொக்கி வந்தது. கதவில் மறுத்தவனுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு என்று வந்தது. அந்த விதி வந்ததும் வழுக்கை விழுந்த வயதில் அவனே போய்க் குதித்து இறக்கை வாங்கிக்கொண்டான். மூடி போட்டு, மெதுவாக, மாலை போடுகிற மாதிரி குத்தினார்களாம். முஷ்டிக் குத்துக்கும் தடை. அதுவும் ஐயாவின் யோசனைதான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவனை விடவில்லை. பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். என்னை அந்தப் பள்ளியில் ஒரு டீ குடிக்கக்கூடக் கூப்பிட்டதில்லை.

இந்த நிலையில் என் மகள் ராணுவத்தில் சேர்ந்து, அதே பள்ளிக்குப் பயிற்சிக்குப் போனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் என்னோடு உட்கார்ந்து பேசுவாள், எப்படித் தாவுவது, எப்படி விழுவது என்று என்னிடம் கேட்பாள் என்று இருந்தேன். வந்தாள். பின்னாலேயே கதவும் வந்தான். கூடத்தில் சோபா மெத்தைகளைத் தரையில் பரப்பி, இந்த வயதில் உருண்டு காட்டினான். காலைச் சேர்த்து வை, முதுகை வளை, தலையைக் கொடுக்காதே என்று அவன் சொல்லச் சொல்ல அவளும் உருண்டாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் என் மனைவியும் கரண்டியோடு வந்து நின்று சிரித்தாள். எனக்கு முழங்கால் மடங்காது. நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கணுக்கால் பட்டை எல்லாம் நோயாளிக்குத்தான் என்று அவளிடம் ஒருமுறை சொன்னேன். சரிப்பா என்றாள். மறுவாரமும் பையில் பட்டை இருந்தது.

கடைசிக் குதிப்புக்கு முந்திய ஞாயிறு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் யாராவது பழைய ஆள் இருந்தால் அவருடைய இறக்கையையே பிள்ளைக்குக் குத்தலாமாம். பள்ளியில் புதிதாக அனுமதித்திருக்கிறார்கள். குத்துகிறவர் ஏற்கெனவே இறக்கை வாங்கியவராக இருக்க வேண்டும், யார் என்று முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, “உங்களோடத எடுத்துட்டு வருவீங்களாப்பா?” என்று கேட்டாள்.

வருகிறேன் என்றேன். யார் பெயரைக் கொடுத்தாய் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டு, சித்தப்பா பெயரைச் சொன்னால் முகத்தை எங்கே கொண்டு வைப்பது? அவளும் சொல்லவில்லை. எழுந்து போனவள் சமையலறையில் நின்றபடி போனில் பேசியது எனக்குக் கேட்டது.

“நீங்க பக்கத்துல நின்னா போதும் சித்தப்பா. எனக்குப் பயமில்ல.”

போதுமே. அதற்குமேல் என்ன தெரிய வேண்டும்? என் இறக்கை, அவன் கை. நான் காலைக் கொடுத்து வாங்கியதை அவன் எடுத்து என் மகளுக்குக் குத்துவான். ஊர் கைதட்டும். நானும் தட்ட வேண்டும்.

பள்ளிக்குப் போகிற அன்று பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மனைவி தூங்கிவிட்டாள். பேட்ஜை எடுத்து, பின்னாலிருந்த இரண்டு மூடிகளையும் கழற்றி, ஒரு பாலத்தின் மேல் போகும்போது வெளியே விட்டெறிந்தேன். மூடி இல்லாமல் குத்தக் கூடாது என்று விதி போட்டவன் அவன்தானே. எல்லார் முன்னாலும் வெறும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கட்டும். அந்த நினைப்பிலேயே மனசு குளிர்ந்துவிட்டது. இறங்கும் இடம் வரும்வரை எனக்கு நல்ல தூக்கம்.

மைதானத்தின் ஓரத்தில் குடும்பத்துக்காரர்களைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். நடுவில் கதவு, மீட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. சட்டைப் பைக்கு மேலே அவனுடைய இறக்கை பளபளவென்று இருந்தது. விமானம் வந்தது. அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான், விமானம் திரும்பிப் போயிற்று. சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. மறுபடி தலையை ஆட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடியில் காயப்போட்ட துண்டு ஆடாத காற்று. இதற்குப் போய்ப் பெண்ணைச் சுற்றவிடுகிறான் என்று பக்கத்தில் நின்ற, குதிக்கப்போகும் ஒரு பையனின் அம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அவர் சரின்னு சொன்னாதான் எனக்கு மூச்சே வரும். நீங்க சும்மா இருங்க.”

மூன்றாம் முறை கையைத் தூக்கினான். வானத்தில் வரிசையாகக் குடைகள் விரிந்தன. மகள் எது என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஓரமாக இறங்கியவளின் குடை காற்றை வாங்கி அவளை இழுக்க ஆரம்பித்தது. என் முழங்கால் சுள்ளென்றது. அவள் கை தோளுக்குப் போனது. கொக்கி விட்டது. குடை சுருண்டு படுத்தது. எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, குடையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தாள்.

அப்பனாக இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாது. அவள் நல்லபடியாக வருகிறாள் என்று சந்தோஷப்பட்டது பிறகுதான். முதலில் அந்த நடையைப் பார்த்தேன். இரண்டு முழங்காலும் ஒழுங்காக மடங்கி நீளும் நடை. அவளைப் பார்த்தே எனக்கு வயிறு எரிந்தது.

கொட்டகைக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் வரிசை நின்றது. தலைமை அதிகாரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். குத்துகிறவர் வந்து நின்றதும், கதவு பேட்ஜைத் திருப்பிப் பார்த்து, மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, சரி என்பான். அதன் பிறகுதான் குத்தலாம்.

என் மகள் பெயர் வந்தது. அடுத்து என் பெயர் வந்தது.

நான் நகரவில்லை. மனைவி முதுகில் கை வைத்துத் தள்ளினாள். நொண்டிக்கொண்டே போய் நின்றேன். கதவு கையை நீட்டினான். கொடுத்தேன். திருப்பிப் பார்த்தான்.

“அண்ணே, மூடி எங்க?”

“எங்க காலத்துல மூடி கிடையாது.”

“அது எனக்குத் தெரியாதா? இப்ப எங்க?”

பாலத்துக்குக் கீழே என்று சொல்ல முடியுமா?

“மூடி இல்லாம நான் விட மாட்டேண்ணே. இவ என் பொண்ணா இருந்தாலும் விட மாட்டேன்.”

தலைமை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மகள் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள், தாடை மட்டும் இறுகியது. கதவு தன் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து கையை உள்ளே விட்டான். எங்கேயோ சொறிந்துகொள்கிறான் என்று நினைத்தேன். தன் இறக்கையின் இரண்டு மூடிகளையும் பிடுங்கினான். இறக்கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு மூடிகளை என் உள்ளங்கையில் வைத்தான்.

“சீக்கிரம் குத்துங்க. பின்னால நிறையப் பேர் நிக்கறாங்க.”

ஊசியை அவள் சட்டையில் ஏற்றினேன். பேட்ஜைப் பிடித்த கை தானாகவே முஷ்டியாக மடங்கியது. மகள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கையை விரித்தேன். மூடிகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே அழுத்தினேன். இரண்டாவது மாட்ட நேரமாகிவிட்டது. அவள் கண்ணைத் திறந்தாள்.

“குத்திடுவேன்னு நெனச்சியா?”

“ஆமா.”

“தெரிஞ்சுமா என் பேரைக் கொடுத்த?”

“வேற யார் பேரைப்பா கொடுப்பேன்?”

அவ்வளவுதான் பேசினோம். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிறகு சாப்பாடு போட்டார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை. கதவைச் சுற்றித்தான் கூட்டம். சட்டையில் இறக்கை எங்கே என்று யாரோ கேட்டார்கள். துவைக்கக் கழற்றினேன், மறந்துவிட்டேன் என்றான். வெறும் சட்டையோடு நின்றவனுக்கே ஆளாளுக்கு சல்யூட் வைத்தார்கள். சரியாக மூன்றாவது முறைதான் கையைத் தூக்கினார் பாருங்கள் என்று அந்தப் பையனின் அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தாலாவது ஒரு சண்டை போட்டிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

ஊருக்கு வந்த மறுநாள் கடைக்குப் போய்ப் புது மூடி ஒரு ஜோடி வாங்கினேன். அவனுக்குத் திருப்பிக் கொடுக்க என்று நினைக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு மகள் வந்ததும் சட்டையைக் கேட்டேன். பழைய மூடியைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவள் பேட்ஜை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

“வேணாம்பா. இதுவே நல்லாப் பிடிச்சிருக்கு.”

புது மூடிகள் இன்னும் என் சட்டைப் பையில்தான் கிடக்கின்றன. கதவு வாய்விட்டுக் கேட்டால் கொடுத்துவிடுவேன். அவன் கேட்க மாட்டான். போன வாரம்கூட வந்திருந்தான், அப்போதும் சட்டையில் இறக்கை இல்லை. மின்விசிறிக்கு நேரே அவனுக்கு நாற்காலி போட்டது என் மகள்.