கதவில் ஒட்டிய தாள்

சவ வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஆல்வின் போர்வையை விலக்கி, அண்ணனின் சட்டைக் காலர் பொத்தானைப் போட்டுவிட்டார். அண்ணன் டெல்மரின் உயிர் விடியும்போதே போய்விட்டது. கட்டிலுக்கடியில், இன்றைய தேர்தலுக்குப் போட்டுக்கொள்ள நேற்றே மெழுகு தடவச் சொன்ன பூட்ஸ் இருந்தது.

"என்னைத் தூக்கிட்டாவது போயிடுடா. நான் போகலேன்னா அந்த ஒண்ணு சைபராயிடும்" என்றிருந்தார் நேற்று.

"உன் ஓட்டை என் ஓட்டு தின்னுடுது. நாப்பது வருஷமா பெட்ரோல்தான் தண்டம்" என்று ஆல்வினும் வழக்கம்போல் வாயைக் கொடுத்திருந்தார். இப்போது அந்த நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போலிருந்தது.

அவர்களுடைய அப்பா காலத்தில், பண்ணைகளுக்குக் கரண்ட் வந்த வருடங்களில், மாவட்டம் முழுக்க ஜனநாயகக் கட்சிதான். பிறகு கோதுமை விலை விழுந்தது, பள்ளிக்கூடத்தை மூடினார்கள், பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் ஓட்டு குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்துகொண்டே போனது. ஆல்வினும் சாய்ந்தவர்தான். டெல்மரின் மனைவியும் செத்தபின் அவர்கள் வட்டாரத்தில் ஜனநாயகக் கட்சிக்கு மிஞ்சியது டெல்மரின் ஒற்றை ஓட்டு. எண்ணி முடித்து ஊர்க்கூடக் கதவில் தாள் ஒட்டுவார்கள்: போன தடவை அறுபத்துமூன்றுக்கு ஒன்று.

"அந்த ஒண்ணு யாருப்பா?" என்று பக்கத்துப் பண்ணை லாய்டு கத்துவான். கூட்டம் சிரிக்கும்.

"ஓட்டு ரகசியம்யா" என்பார் டெல்மர், வாய் நிறைய ஆப்பிள் பலகாரத்தோடு.

மத்தியானம் ஆல்வின் தனியாக டிரக்கை எடுத்தார். கூடத்தில் வாக்காளர் பதிவேட்டோடு பெர்னிஸ் உட்கார்ந்திருந்தாள்.

"பெரியவர் வண்டியிலயா இருக்கார்? ஓட்டுச் சீட்டை வெளிய கொண்டாரட்டுமா?"

"காலையில போயிட்டான், பெர்னிஸ்."

பேரை அடிக்க ஸ்கேலை வைத்தவள், கோடு போடாமலே எடுத்துவிட்டாள்.

ஓட்டுப் போடும் மறைப்புக்குள் ஆல்வின் சீட்டை விரித்து வைத்தார். எந்தக் கட்சி என்பதில் அவருக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. ஆனால் தன் ஓட்டு தின்பதற்கு எதிரே இன்று அண்ணன் ஓட்டு இல்லை.

சாயங்காலம் மனைவி வெர்னாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார். தாளை ஒட்டினார்கள். அறுபத்திரண்டுக்கு ஒன்று.

யாரும் சிரிக்கவில்லை. லாய்டு வாயைத் திறந்தான், பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

வெர்னா கணவரின் சட்டைக் கையைப் பிடித்தாள். "என்னங்க, நீங்களா?"

"ஓட்டு ரகசியம், வெர்னா."

டிரக்கில் ஏறும்போதுதான், இருக்கைக்குப் பின்னால் டெல்மரின் பூட்ஸ் இருப்பது தெரிந்தது. மத்தியானம் ஓட்டுப் போட வந்தபோது ஆல்வின் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். வெர்னா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.