பிரகலாதன் சிரித்த இடம்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவர் சிவாஜினி. மீன் சந்தையில் சூடை மீன் வாங்க நின்றவேளை, "எங்கட மனுசன் சிரிச்ச கதை தெரியுமோ?" என்று தொடங்கினார். அவருடைய கணவர் பிரகலாதன் சிரித்தார் என்பதே திருகோணமலையில் ஒரு கதைக்குப் போதும். அவர் சினிமா விமர்சகர். ஊரில் எடுக்கப்படும் எந்தக் குறும்படமும் அவருடைய 'ஆனால்' என்ற சொல்லில் தடுக்கி விழாமல் வெளியே போனதில்லை.

முதல் வரியை இப்படி எழுதினேன்: உட்துறைமுகத்தின் நீரில் மாலைச் சூரியன் மெல்ல மெல்ல

(நிறுத்திவிட்டேன். ஊரில் துறைமுகம் இருந்தால் சூரியனைப் பிடித்துத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும் என்று எங்களுக்கு யார் படிப்பித்தது? சம்பவம் நடந்தது காலையில், குசினிக்குப் பக்கத்து அறையில்.)

2

நகரத்துக் கலை வட்டம் ஒன்று நடத்திய குறும்படப் போட்டிக்குப் பிரகலாதன்தான் நடுவர். கடைசிச் சுற்றுக்கு இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் ஒரு கிழவர் கடலைப் பார்க்கிறார். நெடுநேரம் பார்க்கிறார். பிறகு வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறார். அதற்குப் பிரகலாதன் 'மௌனத்தின் அரசியல்' என்று எழுதிவைத்தார்.

மற்றது, கிண்ணியாவில் கணிதம் படிப்பிக்கும் பஹ்மியா எடுத்த 'நாடா வெட்டும் வரை'. பஸ் நிலையத்தில் புதிதாகக் கட்டிய கழிப்பறைக்குத் திறப்பு விழா. அவசரமாக உள்ளே போகவேண்டிய ஒரு மனிதர், பிரதம விருந்தினர் பேசிமுடிக்கும் வரை நாடாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். அவ்வளவுதான் கதை. நடித்தவர் பஹ்மியாவின் மாமா மஹ்ரூப்.

பிரகலாதன் வீட்டுக் கதிரையில் சாய்ந்து பார்த்தார். படத்து மனிதர் கால்களைப் பின்னினார், பிரகலாதன் அசையவில்லை. பேச்சாளர் "இறுதியாக" என்றதும் மனிதரின் முகம் மலர்ந்தது. "இறுதியாக, மூன்று விடயங்கள்" என்றார் பேச்சாளர். பிரகலாதனின் மீசை துடித்தது. கூட்டம் கைதட்டியது. இரண்டு கைகளாலும் அடிவயிற்றைப் பிடித்திருந்த அந்த மனிதர் ஒரு கணம் யோசித்தார். பிடியை விட்டார். தானும் கைதட்டினார்.

குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீர் பிரகலாதனின் மூக்கால் வந்தது. சிவாஜினி அகப்பையோடு ஓடிவந்தபோது அவர் தரையில் கிடந்தார்.

"என்னப்பா, நெஞ்சு நோகுதோ?"

"இல்லையப்பா... படம்."

3

ஏன் சிரித்தோம் என்று கண்டுபிடிக்காவிட்டால் விமர்சகருக்குச் சோறு இறங்காது. திரும்பவும் போட்டுப் பார்த்தார். இரண்டாம் முறை கால்பின்னல் சிரிப்பூட்டவில்லை. மூன்றாம் முறை 'இறுதியாக'வும் பழகிவிட்டது. கைதட்டல் மட்டும் ஒவ்வொரு முறையும் அவரைச் சாய்த்தது. படத்தில் இசை இல்லை. பேச்சாளரின் முகமும் இல்லை, குரல் மட்டுந்தான். கமெரா அந்த மனிதரை விட்டு அசையாமல், தானும் அவரோடு அடக்கிக்கொண்டு நிற்பதுபோல நின்றது. 'இதோ, சிரியுங்கள்' என்று எங்குமே கிச்சுகிச்சு மூட்டவில்லை.

அவசரத்தைப் பார்த்து யாரும் இப்படிச் சிரிப்பதில்லை. அந்த அவசரத்திலும் விடாத மரியாதையைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்பது பிரகலாதனுக்கு விளங்கியது. (என் சொற்களில் சொன்னால்: எங்கள் ஊரில் அடக்கமாட்டாமல் துடிக்கிறவனும் முதலில் கைதட்டிவிட்டுத்தான்

வேண்டாம். படம் சொல்லாமல் விட்டதை நான் ஏன் சொல்லவேண்டும்?)

படத்துப் பேச்சாளரின் குரல் யாருடையதைப்போல என்பதும் விளங்கியது. பரிசளிப்புக்கு வரவிருந்த பிரதம விருந்தினர், அண்மையில்தான் இப்படியொரு கழிப்பறையை இதே 'இறுதியாக'வோடு திறந்துவைத்திருந்தார். ஆகவே பிரகலாதன் எழுதினார்: 'எளிய நகைச்சுவை. சமூக ஆழம் போதாது. இரண்டாம் பரிசு.'

சிவாஜினி தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார். "விழுந்து சிரிச்சனீங்கள். அதை எழுதேல்லையே?"

"அது மதிப்பீடு இல்லை, சிவா. அது உடம்பு."

(இந்தப் பதிலை முதலில் வெட்டிவிட்டேன். ஒரு மனிதர் இவ்வளவு மோசமாக இருப்பாரா என்ற சந்தேகம். இரண்டு விமர்சனக் கூட்டங்களுக்குப் போய்வந்த பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டேன்.)

4

பரிசளிப்பு நாள். மண்டபத்துக்கு வெளியே, ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று வரவேற்புத் தோரணத்தைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. இரண்டு படங்களையும் காட்டி, தேநீருக்கு விட்டிருந்தார்கள். முடிவை அறிவிக்கவேண்டியதுதான் மிச்சம். பஹ்மியா பிரகலாதனிடம் வந்தாள். பின்னால், தேநீரோடு கொடுத்த பட்டீசும் கையுமாக மஹ்ரூப்.

"சேர், கக்கூஸ் படம் எடுத்த டீச்சர் எண்டு அதிபர் என்னட்ட விளக்கம் கேட்டிருக்கார். முதல் பரிசு கிடைச்சா அவர் வாயை மூடுவார். இல்லாட்டி நான் மூடணும். அது வேற கதை. எனக்கு ஒண்டு மட்டும் தெரியணும். படம் பார்க்கக்குள்ள நீங்க எங்கயாச்சும் சிரிச்சீங்களா?"

"ஆனால்..." என்று தொடங்கினார் பிரகலாதன். அது கேள்விக்குப் பதிலே இல்லை.

"சேர் சிரிக்கிற ஆளில்ல மகள், விடு," என்றார் மஹ்ரூப்.

"அந்தக் கைதட்டுற இடத்தை வெட்டுவம் எண்டுதான் சேர் இருந்தனான். நான் சொல்லாமலே மாமா தட்டிட்டார்."

பிரகலாதன் மஹ்ரூப்பின் பக்கம் திரும்பினார். "நீங்களாவோ தட்டினீங்கள்?"

"எல்லாரும் தட்டக்குள்ள கை தானாப் போகுது சேர். எனக்கு அந்த நேரம் உண்மையாவே அவசரம். நடிப்பெண்டு இவள் நினைச்சிட்டாள்."

பிரகலாதனின் வாய் கோணியது. தோள்கள் குலுங்கின. கோப்பை சரிந்து வெள்ளை வேட்டியில் தேநீர் கொட்டியது. சரியாக அப்போதுதான் ஒலிபெருக்கி அவருடைய பெயரைச் சொல்லி அழைத்தது. அடக்க ஏலாமல், சிரித்தபடியே மேடையேறினார். அவருடைய பற்களை அன்றுவரை காணாத சபை முதலில் திகைத்தது, பிறகு தானும் சிரிக்கத் தொடங்கியது. எதற்கென்று தெரியாவிட்டாலும் பின்தங்கிவிடக் கூடாதே என்று பிரதம விருந்தினர் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

"முதலாம் பரிசு..." என்றார் பிரகலாதன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

5

அவர் பஹ்மியாவின் பெயரைச் சொன்னார் என்று எழுதினால், மனந்திருந்திய விமர்சகருக்கு நீங்கள் கண்கலங்குவீர்கள். எனக்கு அது கூச்சம். கிழவரும் கடலும் பரிசை வாங்கினார்கள் என்று எழுதினால், 'உலகம் இப்படித்தான்' என்று நிம்மதியாக நித்திரைக்குப் போவீர்கள். அது அதைவிடக் கூச்சம். நடந்ததைச் சிவாஜினி எனக்குச் சொன்னார். நான் சொல்லப்போவதில்லை.

பிரகலாதனைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அந்த மேடையில் நீங்கள் நில்லுங்கள். முன்வரிசையில் பிரதம விருந்தினர் உங்கள் முகத்தைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். கதவடியில் பஹ்மியா சிரிக்காமல் நிற்கிறாள். ஒலிவாங்கி திறந்திருக்கிறது.

பெயரைச் சொல்லுங்கள்.