சிவப்புக் கதவு

எங்கள் அறைக்கதவுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கச் சொன்னவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பவர்பாயிண்ட். பத்து நிமிடம் பேச விட்டால் ஒன்பது நிமிடம் சுவரில் படம் காட்டுவார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டு ஒரு வழி பண்ணியிருப்பேன். நல்லவராக வேறு இருந்து தொலைத்துவிட்டார், என்ன செய்வது?

அரசு ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், நடைபாதை முடிகிற இடத்தில் எங்கள் அறை. எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கிற இடம். கதவில் பதினான்கு என்ற எண்ணைத் தவிர ஒன்றும் கிடையாது. எதிரே கண் பிரிவு. எங்களிடம் வருகிறவர்கள் கண் பிரிவு பெஞ்சில், கண் நோயாளிகளோடு கலந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் வெளியே வந்து, "கண் பிரஷர் பாக்கணும், உள்ள வாங்க" என்று கூப்பிடுவேன். கூட வந்தவருக்கு ஒரு சந்தேகமும் வராது. கண் டாக்டருக்கு எல்லாம் தெரியும். "என் பேஷண்ட்டுக்கு உக்கார இடமில்லம்மா" என்று தினமும் முணுமுணுப்பார். ஆனால் ஒருவரையும் எழுப்பி விட்டதில்லை.

அந்தப் பெஞ்சுக்காகவே ஒருத்தி பிளாட்பாரக் கடையில் பவர் இல்லாத கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு வருவாள். அதனால் அவளுக்குக் கண்ணாடி என்றே பெயர். துணி தைக்கிற கம்பெனியில் வேலை, எட்டு மாதக் கர்ப்பம். நோய் புருஷனிடமிருந்து வந்தது. அவன் வெளியூரில் லாரி ஓட்டுகிறான். வீட்டில் அவனுக்கும் அவளுக்கும் மட்டுமே விஷயம் தெரியும். ஒவ்வொரு முறையும் மாமியார்தான் துணைக்கு வருவாள். மருமகளைத் தாங்கு தாங்கென்று தாங்குகிற மாமியார். ஆனால் விஷயம் தெரிந்தால் மகனைக் கேட்க மாட்டாள். "எவன்கிட்ட வாங்கிட்டு வந்தே?" என்று இவளைத்தான் கேட்பாள். அப்படிக் கேட்கப்பட்டு, பிள்ளையோடு தெருவுக்கு வந்தவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரையை விடாமல் சாப்பிட்டதில் கண்ணாடியின் ரத்தத்தில் வைரஸ் அடங்கிவிட்டது. கடைசிப் பரிசோதனையில் மெஷினுக்கே தென்படவில்லை. பிரசவம் வரை இப்படியே ஓட்டிவிட்டால் பிள்ளை தப்பித்துவிடும். எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் பவர்பாயிண்ட் வந்து சேர்ந்தார். வெளிநாட்டு நிதியில் நடக்கிற திட்டத்தின் அதிகாரி. ஒளிந்து மருந்து வாங்குவதால்தான் ஒதுக்குதல் வளர்கிறதாம், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தால் பயம் போய்விடுமாம். எங்களைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்டார். என்ன கேட்டார் தெரியுமா? சிவப்பா, அடர்சிவப்பா என்று கேட்டார். கதவை அப்படியே விடலாமா என்கிற கேள்வி படத்திலேயே இல்லை.

"சார், எங்க ஆளுங்க வரமாட்டாங்க சார்" என்றேன்.

"நீங்களே இப்படிச் சொல்லலாமா மேடம்? ஊருக்கு முன்னாடி எனக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு தைரியமா சொன்னவங்க நீங்க."

"நான் சொன்னது என் கதைய சார். அவங்க கதைய சொல்ல நீங்க யாரு, நான் யாரு?"

"நல்ல பாயிண்ட்" என்று குறித்துக்கொண்டார். மறுவாரம் பெயிண்ட் டப்பா வந்து இறங்கியது.

கண் பிரிவை மாடிக்கு மாற்றினார்கள். பெஞ்சும் கூடவே போயிற்று. கதவு முழுக்கச் சிவப்பு, அதன் மேல் ஆள் உயரத்துக்கு எய்ட்ஸ் சின்னமான ரிப்பன் படம், பக்கத்தில் எங்களுக்கென்றே சிவப்பு நாற்காலிகள். திறப்பு விழாவுக்கு நிதி கொடுக்கிறவர்கள் வருகிறார்கள் என்று நோய் இருக்கிறவர், இல்லாதவர் என்று பார்க்காமல் எங்கள் எல்லாருக்கும் டீ-ஷர்ட் கொடுத்தார். முன்பக்கம் "எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது". பின்பக்கம் "வாங்க பேசலாம்". நான் போட்டுக்கொண்டேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

விழா அன்று காலை. சிவப்பு நாற்காலியில் ஒரு ஈ காக்காய் இல்லை. வாசலில் நான் நிற்கிறேன். நடைபாதையின் அந்த முனையில் கண்ணாடியும் மாமியாரும் திரும்பினார்கள். அவள் கதவைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். முகம் செத்துவிட்டது.

"கண் டாக்டர் ரூம் எங்கடி?" என்றாள் மாமியார்.

"இன்னிக்கு லீவாம் அத்தை. போயிடலாம்."

நான் சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். என் நெஞ்சில் எழுதியிருப்பதை அந்த அம்மாள் படித்துவிட்டு, இவள் என்னைப் பார்க்கிற பார்வையையும் படித்துவிட்டால்? மறுபடி எட்டிப் பார்த்தபோது இருவரும் போய்விட்டிருந்தார்கள்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளிடம் இருந்த மாத்திரை அன்றோடு தீருகிறது. போன் மாமியார் கையில். இந்த நிலைமையில் அவளைத் தனியாக எங்கேயும் அனுப்ப மாட்டார்கள். உலகம் முழுக்க எத்தனையோ பேர் ராப்பகலாய் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த மருந்து. அது கடல் தாண்டி வந்து, எங்கள் அலமாரி வரைக்கும் வந்து, ஒரு கதவின் நிறத்தால் அங்கேயே நிற்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் பொத்துக்கொண்டு வந்தது.

டப்பாவில் மாத்திரை குலுங்கிச் சத்தம் வராதபடி பஞ்சு அடைத்து, லேபிளைக் கிழித்து, காகிதக் கவரில் போட்டுக்கொண்டு ஓடினேன். எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் இருவரும் நின்றிருந்தார்கள். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி ஒரு கால் வைத்த பிறகுதான் டீ-ஷர்ட் ஞாபகம் வந்தது. கழற்றிப் போட்டுவிட்டு ஓட முடியாது, உள்ளே வேறு சட்டை இல்லை. திரும்பி நின்றால் முதுகிலும் எழுத்து. கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட் ஓரமாய் நின்றேன், திருடி மாதிரி.

பவர்பாயிண்ட் கேட்டில்தான் இருந்தார். விருந்தாளிகளின் காருக்காகக் காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அப்போதுதான் கவனித்தேன், அவர் டீ-ஷர்ட் போட்டுக்கொள்ளவில்லை.

"சார், இதைக் கொண்டுபோய் அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணுகிட்ட குடுங்க. போன தடவ கண் பிரிவுல மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லுங்க."

"நான் பொய் சொல்லணுமா மேடம்?"

"பின்ன, உண்மையச் சொல்லிட்டு வாங்களேன் பாப்போம். வயித்துல இருக்கிற பிள்ளைக்கு நீங்கதான் பொறுப்பு. பஸ் வருது, ஓடுங்க சார்!"

என் குரல் அப்படி உயர்ந்து அவர் கேட்டதில்லை. கவரை வாங்கிக்கொண்டு ஓடினார். நான் இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். கவரை நீட்டினார். மாமியார் முன்னால் வந்து ஏதோ கேட்டாள். இவர் பிடரியைச் சொறிந்தார். பிறகு தலையை வேகமாக ஆட்டி ஏதோ சொன்னார். மாமியார் சிரித்தாள். கண்ணாடி கவரை வாங்கிப் பைக்குள் வைத்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பஸ் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனது.

அவர் திரும்பி வந்தபோது பேயறைந்த மாதிரி இருந்தார்.

"குடுத்துட்டேன்" என்றார்.

"என்ன கேட்டாங்க?"

"எந்த செக்‌ஷன், அந்தச் சிவப்புக் கதவான்னு கேட்டாங்க."

"நீங்க?"

"சேச்சே, இல்லம்மா, அந்தப் பக்கமே நான் போறதில்லைன்னு சொல்லிட்டேன். வாயில தானா வந்துடுச்சு மேடம். அந்தப் பொண்ணு என்னையே பாத்துட்டு நின்னா."

திட்ட எனக்கு எவ்வளவோ இருந்தது. அந்தச் சேச்சே எனக்குப் பழகினதுதான். டாக்டர் வாயிலும் கேட்டிருக்கிறேன், கூடப் பிறந்தவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். ஆனால் அவள் பாவம். மருந்தை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, அந்தச் சேச்சேயையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

"பெஞ்சைக் கீழ கொண்டு வந்துடலாம் சார். கதவுக்கு வெள்ளையடிச்சிடலாம்" என்றேன்.

"மூணு வருஷத் திட்டம் மேடம். மேலேர்ந்து ஒத்துக்கணும். எழுதிப் பாக்கறேன்."

அதற்குள் கார்கள் வந்துவிட்டன. விருந்தாளிகள் இறங்கினார்கள், கதவுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் டீ-ஷர்ட்டுகள் நடுவில் நின்றன. பவர்பாயிண்ட் மைக்கைப் பிடித்து, இனி யாரும் ஒளிய வேண்டியதில்லை, இந்தக் கதவு அதற்குச் சாட்சி என்றார். ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வார்த்தை மாறவில்லை. என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. பேச்சு முடிந்ததும் விருந்தாளிகள் எங்களைப் பார்த்தார்கள். நான்தான் முதலில் கைதட்டினேன், பலமாக. கண்ணாடியின் அடுத்த மாத மாத்திரையும் அவர்கள் கொடுக்கிற நிதியிலிருந்துதான் வர வேண்டும்.