முட்டியில் பட்ட கோல்

வைரமேகம் ஃபுட்பால் கிளப்பின் வெள்ளி விழாவுக்குப் பந்தல் தினகரன் உபயம். பிரியாணியும் தினகரன் உபயம். ஆனால் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் கட்டியிருந்த பேனர்களில் பந்தை உதைத்துக்கொண்டு ஆளுயரத்துக்கு நின்றது எல்லப்பன். தினகரனின் படம் கீழ் மூலையில், தீப்பெட்டி அளவில், 'ஸ்பான்சர்' என்ற பட்டத்தோடு ஒண்டிக்கொண்டிருந்தது. பார்த்ததிலிருந்து அவனுக்கு வயிறு எரிந்தது. புது எரிச்சல் ஒன்றும் இல்லை, இருபது வருஷத்துச் சரக்கு.

கிளப்புக்கு முதல் பந்தை வாங்கியது தினகரன்தான். நெல் லோடோடு காஞ்சிபுரம் போனவன் பந்தோடு திரும்பி வந்தான். மைதானம் என்று ஒன்று கிடையாது. கோடையில் ஏரி வற்றினால் கிளப் உண்டு, மழையில் ஏரி நிரம்பினால் கிளப் இல்லை. நல்ல மழை பெய்த வருஷம் ஊரே சந்தோஷப்பட, இந்தப் பையன்கள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார்கள். கருவேலங்கம்பு நட்டால் அதுதான் கோல் போஸ்ட். ஆட்டம் முழுக்க ஏரி ரூல், அதாவது யாரும் எங்கேயும் நிற்கலாம். தினகரன் எதிராளியின் போஸ்ட்டடியிலேயே நிற்பான். ஓடமாட்டான். பந்து வந்தால் உள்ளே தள்ளிவிடுவான். ஓடி ஓடிப் பந்தைக் கொண்டுவந்து சேர்க்கிற வேலை எல்லப்பனுடையது. எல்லப்பனின் அப்பாவும் அம்மாவும் தினகரன் வீட்டு நிலத்தில் நடவுக்கு வந்தவர்கள். ஏரிக்குள் அதை யாரும் பேசவில்லை. தினகரன் அதை மறக்கவும் இல்லை.

கிளப் ஜெயித்த ஒரே கப், காஞ்சிபுரத்தில் தாமல் டீமோடு ஆடிய ஃபைனலில் வந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எல்லப்பன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். வழக்கம்போலப் போஸ்ட்டடியில் நின்ற தினகரனின் முட்டியில் பந்து உரசித் திரும்பியது. தாமல் கோல்கீப்பர் வரதன் ஒரு பக்கம் விழ, பந்து மறுபக்கம் உள்ளே போனது.

"எம்மேல பட்டுச்சு! எம்..." என்று துள்ளினான் தினகரன். அதற்குள் எல்லப்பன் பாய்ந்து வந்து கட்டிப்பிடித்தான். கட்டிப்பிடித்த சாக்கில் உள்ளங்கையால் அவன் வாயை அழுத்திப் பொத்தினான். நடுவர் இவர்களை நோக்கி வந்தார். கோல் யார் பெயரில் என்று கேட்கத்தான் வருகிறார் என்று தினகரன் நினைத்தான்.

"என் கோலு சார். நேரா போச்சு" என்றான் எல்லப்பன். நடுவர் கோல் என்று விசில் ஊதிவிட்டார்.

அன்றிலிருந்து அவன் 'கோல் எல்லப்பன்'. வேன் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு ஊரில் இருக்கிற மரியாதையைப் பார்க்க வேண்டுமே! தினகரனின் உரக்கடைக்கு வருகிறவர்கள்கூட மூட்டையை ஏற்றிக்கொண்டே அந்தக் கோலைப் பற்றித்தான் பேசுவார்கள். கல்யாணமான புதிதில் மனைவி சுலோச்சனா, "நீங்களும் அந்த மேட்ச்ல இருந்தீங்களாமே?" என்று கேட்டாள். அந்த 'நீங்களும்' இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது. இப்போது மகள் ஜெயப்பிரியா கிளப்பின் பெண்கள் டீமில் ஆடுகிறாள். எல்லப்பன்தான் கோச். ஜெர்சியில் என்ன நம்பர் போடலாம் என்று தினகரன் ஆசையாகக் கேட்டதற்கு, "கோச்சோட ஒன்பதுதான்" என்றாள். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வாயைப் பொத்திக் கோலைத் திருடினவன் இப்போது பெண்ணையும் திருடிக்கொண்டான் என்று பொருமினான்.

விழாவில் மைக் கைக்கு வருகிற நேரத்துக்காகத்தான் பந்தலும் பிரியாணியும். வற்றிய ஏரிக்குள் ஊரே கூடியிருந்தது. மேடையில் மாலை போட்ட கப். விருந்தாளி நாற்காலியில் தாமலிலிருந்து வந்த பழைய கோலி வரதன். தினகரன் மைக்கைப் பிடித்தான்.

"ஒரு உண்மைய எல்லாரும் தெரிஞ்சிக்கணும். அந்த ஃபைனல் கோலு எல்லப்பன் போட்டதில்ல. என் முட்டில பட்டுத்தான் உள்ள போச்சு. நான் போஸ்ட்டாண்ட தனியா நின்னுக்கினு இருந்தேன். எனக்கு முன்னால கோலி ஒருத்தரைத் தவிர யாருமே இல்ல!"

கைதட்டலுக்காக நிறுத்தினான். வரவில்லை. முன்வரிசையில் ஜெயப்பிரியா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயோ அப்பா! அது ஆஃப்சைடு!"

"இன்னாது?"

"நம்ம ஆளு பந்த அடிக்கும்போது உனக்கு முன்னால எதிர் டீம் ஆளுங்க ரெண்டு பேராவது இருக்கணும்ப்பா. கோலி மட்டும் இருந்து, பந்து உம்மேல பட்டா, கோலு செல்லாது."

வரதன் நாற்காலியை விட்டு எழுந்தார். "எனக்கு அப்பவே டவுட்டு. பந்து திரும்புச்சு. அந்த கோலு செல்லாதுன்னா இந்த கப்பும் உங்களுது இல்ல."

எல்லப்பன் அவசரமாக முன்னால் வந்தான். "அண்ணன் ஏதோ ஆசையில சொல்றாரு. அவர் மேல படவே இல்ல. நேரா போச்சு."

அதே வார்த்தை. அப்போதுதான் தினகரனுக்கு உறைத்தது. அன்றைக்கு நடுவர் கேட்க வந்தது பெயரை இல்லை, பட்டதா என்பதை. இருபது வருஷம் தன் முட்டியையே நினைத்துப் புழுங்கினவன், அந்த முட்டி எங்கே நின்றது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

"உன்னைக் கேக்கல எல்லப்பா" என்றார் வரதன். "அவரு வாயால சொல்லட்டும். பட்டுச்சா, படலியா?"

பட்டது என்றால் கோல் அவனுடையது, கப் போய்விடும். படவில்லை என்றால் கப் இருக்கும், கோல் என்றென்றைக்கும் எல்லப்பனுக்கு. ஒன்பதாம் நம்பர் ஜெர்சியில் ஜெயப்பிரியா கப்பையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த முறை அவன் வாயை யாரும் பொத்தவில்லை.

"படல" என்றான் தினகரன். மைக் அதை ஏரி முழுக்கச் சொன்னது. கூட்டம் சிரித்தது. "இதுக்கா மைக்கைப் புடிச்ச?" என்று வரதன் உட்கார்ந்துவிட்டார்.

இறங்கும்போது எல்லப்பன் அவன் காதோரம் குனிந்தான். "இத்தினி வருசம் அந்தப் பொய்ய நான் ஒருத்தனே சொல்லிக்கினு இருந்தேண்ணா. இன்னிக்கி நீயும் சொல்லிட்ட. இனிமே அந்த கோல்ல பாதி உன்னுது."

தினகரன் பேனரில் ஆளுயரத்துக்கு நின்ற எல்லப்பனை நிமிர்ந்து பார்த்தான். பாதிதானா என்று இருந்தது அவனுக்கு.